சாவி தனியாக வரும்

என் கணவர் இவாவோ ஒரு பம்பு கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு கொடுத்துக் கம்பெனி அவரை விட்டுவிட்டது. அவர்தான் இன்னும் கம்பெனியை விடவில்லை. மின்னஞ்சலில் எதை அனுப்பினாலும் கோப்பைப் பூட்டித்தான் அனுப்புவார். கடவுச்சொல் அடுத்த மடலில் தனியாகப் போகும். அதில் 'கடவுச்சொல்' என்ற வார்த்தைகூட இருக்காது, திருடன் கண்டுபிடித்துவிடுவானாம். 'முன்னர் குறிப்பிட்ட விஷயம் கீழ்க்கண்டவாறு' என்று ஒரு வரி, அதன் கீழே அந்தச் சொல், அவ்வளவுதான். இரண்டு மடலும் ஒரே பெட்டிக்குத்தானே போகிறது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே வைப்பதற்கு எதற்குப் பூட்டு என்று நான் கேட்டால், கம்பெனியில் எல்லோரும் இப்படித்தான் என்பார். எங்கள் ஊரில் அந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கிடையாது.

போன மாதம் நாகோயாவில் இருக்கும் எங்கள் மகள் கியோமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயரை அப்பாவே சொல்லட்டும் என்று அவள் சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெயர் எழுத்துகளின் கோடுகளை எண்ணிப் பலன் பார்க்கிற புத்தகம் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையை வளைத்துப் போட்டுக்கொண்டு, மிசோ சூப் ஆறிப்போகும்வரை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். கடைசியில் மூன்று பெயர்கள் தேறின. இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்பதால் உடனே அனுப்பினார். பூட்டித்தான். பிறந்த குழந்தையின் பெயர் ரகசியத் தகவலாம்! எனக்கே காட்டவில்லை.

அனுப்பிய சற்று நேரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு மடல் வந்து விழுந்தது. தெரியாத ஆங்கில மடலைத் திறக்காதீர்கள் என்று சமுதாயக் கூடத்துக் கணினி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர் பதறிப்போய் அதைக் குப்பைக்குத் தள்ளினார். கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பாதுகாப்பு மென்பொருளை இருப்பதிலேயே கடுமையான நிலைக்கு ஏற்றினார். நாள் முழுக்க வைரஸ் தேட விட்டார். ஒன்றும் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகு பெயர்களை மறுபடியும் அனுப்பினார், சாவியையும் மறுபடியும் தனியாக.

அதற்குப் பிறகும் மகளிடமிருந்து சத்தமே இல்லை. பதிவு செய்யக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு போன் போட்டுக் கேட்டா என்னங்க, கிரீடமா இறங்கிடும்?" என்றேன்.

"பதில் வரலைன்னா பேரு பிடிக்கலைன்னு அர்த்தம். பிள்ளை பெத்தவளைப் போய் நெருக்கக் கூடாது சவாகோ."

சொல்லிவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. மகள் மேல் கோபம்கூட வந்தது.

மறுநாள் அவர் நடக்கப் போன நேரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். மறுபடியும் வைரஸ் வேட்டை ஓடிக்கொண்டிருந்ததால் அணைக்காமல் போயிருந்தார். நேராகக் குப்பைப் பெட்டியைத் திறந்தேன். இவர் தள்ளிய ஆங்கில மடலும், இரண்டாம் தடவை அனுப்பியதற்கு வந்து தானாகவே குப்பைக்குப் போன இன்னொன்றும் அங்கே கிடந்தன. கைப்பேசியைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னேன். பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று சோதிக்க முடியாததால் ஏற்க மாட்டோம், திருப்பி அனுப்புகிறோம் என்று மகளுடைய மின்னஞ்சல் நிறுவனம் எழுதியிருந்தது. ஆக, பெயர்கள் போய்ச் சேரவே இல்லை. சாவி மட்டும் இரண்டு தடவை போயிருக்கிறது.

அவற்றுக்குப் பக்கத்திலேயே கியோமியின் மடலும் கிடந்தது. இவர் ஏற்றிவைத்த கடுமை, பெற்ற மகளையே வாசலில் நிறுத்தியிருக்கிறது. திறந்தால் குழந்தையின் படம். தலைமாட்டுச் சுவரில் பெயர் எழுதிய தாள், தூரிகையில் பெரிதாக: நகிசா.

உடனே போன் செய்தேன்.

"என்னம்மா, மூணு நாளா அப்பாகிட்டேர்ந்து ஒரு வார்த்தையும் இல்ல. கோபமா?" என்றாள் கியோமி.

"அதெல்லாம் இல்ல. நகிசான்னு அப்பாவா சொன்னாரு?"

"பின்ன? ஒரே பேரு, அதையே ரெண்டு தடவை அனுப்பியிருக்காரு. அவ்ளோ உறுதியா இருக்காரேன்னு எங்களுக்கே ஆச்சரியம். இங்கிலீஷ் எழுத்துல போட்டிருந்தாரு, சரி, ஜப்பானிய எழுத்துல எதைப் போட்டு எழுதுறதுன்னு நம்ம இஷ்டத்துக்கு விட்டுட்டாருன்னு நெனச்சோம். பதிஞ்சும் ஆச்சு. ஏம்மா, உனக்குப் பிடிக்கலையா?"

பிடித்திருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

அவர் வந்ததும் நடந்ததைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பார்த்தார். அது தன் கடவுச்சொல் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: கியோமி பிறந்தபோது அவர் மனதில் இருந்த பெயர் அதுதான். நகிசா என்றால் அலையோரம்; கல்யாணமான புதிதில் நாங்கள் போன நோதோ கடலின் அலையோரத்தை நினைத்து வைத்திருந்தாராம். அவருடைய அம்மா அதற்குள் கோயிலில் வேறு பெயர் கேட்டு வந்துவிட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை. கம்பெனியில் முதன்முதலாகக் கணினி கொடுத்துக் கடவுச்சொல் கேட்டபோது அதைப் போட்டிருக்கிறார்.

"அன்னிலேர்ந்து தினமும் காலையில ஒரு தடவை அடிப்பேன். கூப்பிடுற மாதிரி இருக்கும்," என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை வருடம் ஒரு இயந்திரத்திடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே. வேறு மூன்று பெயர்கள் அனுப்பியதை மகளிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன்.

அடுத்த நொடியே அவர் முகம் மாறிவிட்டது. வங்கி, ஓய்வூதியம், மின்னஞ்சல், அரிசிக் கடை எல்லாவற்றுக்கும் அதே சாவி. அது இப்போது சுவரில் தொங்குகிறது, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் படமாகப் போயிருக்கிறது. ஒன்றுவிடாமல் மாற்றியாக வேண்டும். புலம்பிக்கொண்டேதான் உட்கார்ந்தார், ஆனால் வாய் காதுவரை விரிந்திருந்தது. நான் தேநீர் போட்டு வைத்தேன்.

வங்கியின் பக்கம் புதிய கடவுச்சொல் கேட்டது. விரல்களை எழுத்துகள் மேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கியோமி பொறந்தப்போ, உனக்குன்னு ஒரு பேரு இருந்துச்சா?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மாமியாரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கேட்டதும் தானாக வாயில் வந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

இப்போது தினமும் காலையில் அவர் அடிப்பது அதைத்தான். என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். எங்கள் சேமிப்பு முழுக்க அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.