இக்னேஷியஸ் செய்த செட்டு

கூடத்தில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். சவப்பெட்டிக்குள் இக்னேஷியஸ். தலைமாட்டில் அவன் மனைவி சகாயம்மாள். அவள் தோளைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுப் பார்வதம். அலமாரிக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்து, ஒயர்களுக்குள் தலையை விட்டிருந்தவன் கஜபதி. ஆவடித் தொழிற்சாலையில் இக்னேஷியஸோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். அவன் முதுகுக்கு மேலே, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இறந்தவனின் அண்ணன் ஜேசுராஜ். வெளியே ஷாமியானாவுக்குக் கீழே நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களுடைய காது மட்டும் கூடத்துக்குள் இருந்தது.

"கொர்ர்ர்" என்றது ஸ்பீக்கர்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் ஜேசுராஜ்.

"அப்படியேதான் கீது அண்ணாத்தே."

மணி மூன்றே கால். நாலு மணிக்கு ஃபாதர் வந்துவிடுவார். அதற்குள், இக்னேஷியஸ் பாடிப் பதிந்து வைத்த மாதா பாட்டு, அவன் தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர் செட்டில், உறுமல் இல்லாமல் ஒலித்தாக வேண்டும். அன்று விடியற்காலை அந்தச் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மாரடைப்பு என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கிய சொந்தக்காரர்கள், வீடு வந்து சேர்வதற்குள் வேறு கதையைக் காதில் வாங்கியிருந்தார்கள். செட்டில் கரண்டு ஒழுகியதாம், அடித்துவிட்டதாம். அப்படி உறுமுகிற செட்டு அடிக்காமல் இருக்குமா?

ஜேசுராஜின் அப்பா ரயில்வேயில் நாற்பது வருஷம் சிக்னல் ஒயர் இழுத்தவர். வேலை தெரியாமல் கரண்டு அடித்துச் செத்தான் என்ற பேர் அந்த வீட்டுப் பிள்ளைக்கு வரக் கூடாது.

செட்டு உறுமும் என்று ஊருக்குச் சொன்னவரும் ஜேசுராஜேதான். குமணன்சாவடியிலிருந்து வருகிறபோதெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். "என்னடா, பாட்டுக்கு முன்னால புலி வருது?" என்று நாலு பேர் நடுவில் சிரித்திருக்கிறார். இக்னேஷியஸ் பிடரியைச் சொறிந்துகொண்டு சத்தத்தைக் குறைத்துவிடுவான்.

கஜபதி டேப் ரெக்கார்டரின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தான். உறுமல் போகவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகினான். போகவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

"செட்டு சுத்தமா கீது. ஊட்டு லைன்லதான் எதுவோ பூந்து கலாட்டா பண்ணுது. ஒவ்வொண்ணா அணைச்சுக்கினு வருவோம்."

அவ்வளவுதான், துக்க வீடு பரபரப்பாகிவிட்டது. ஜன்னல் கம்பிகளில் முகங்கள் முளைத்தன. ஃபிரிட்ஜை அணைத்தார்கள்.

"போச்சா?"

"போவல!"

டியூப் லைட்டை அணைத்ததும் சத்தம் ஓர் இழை குறைந்ததுபோல் இருந்தது. "ஆங், ஆங்!" என்று ஜன்னல் கத்தியது. இல்லை, மறுபடியும் கொர்ர்ர். சிலுவையைச் சுற்றியிருந்த சீரியல் பல்பு அணைந்தது. காலிங் பெல்லைக் கழற்றினார்கள். பார்வதம் எழுந்து தன் வீட்டுக்கு ஓடி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"எங்க ஊட்டுல டீவி, மோட்டாரு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இப்ப பாருய்யா!"

"கொர்ர்ர்."

"பேசாம மெயினையே புடுங்கிடேன்," என்றது ஜன்னலில் ஒரு குரல்.

"புடுங்கிட்டு? செட்டுக்குக் கரண்டு உங்க மாமியார் ஊட்லேர்ந்து வருமா?" என்றான் கஜபதி. பிறகு பெட்டிப் பக்கம் திரும்பினான். "செத்த அன்னிக்கும் ஓவர்டைம் பாக்க வெக்கிற பாரு மச்சான்!"

யாரோ சிரித்தார்கள். ஜேசுராஜ் சிரிக்கவில்லை. மணி மூன்று ஐம்பது. கஜபதி தலை நிமிர்ந்து பார்த்தான். வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான். மின்விசிறி.

"அதைத் தொடாதே," என்றார் ஜேசுராஜ். "மே மாச வெயில். அந்தப் பொண்ணு மயங்கி விழுந்துடும். அது நான் வாங்கிக் கொடுத்ததுய்யா. எண்பத்தொன்பதுல, ஃபாதர் வந்து இந்த வீடு மந்திரிச்ச அன்னிக்கு. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். அப்ப இந்தத் தெருவுல யார் வீட்லயும் கிடையாது. அது எப்படித் தொந்தரவு பண்ணும்?"

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத சகாயம்மாள் தலையைத் தூக்கினாள்.

"மாமா, ஃபேனை நிறுத்துங்க."

வேறு யாரையும் ஜேசுராஜ் விடவில்லை. தாமே போய், தாம் வாங்கிக் கொடுத்த அந்த ரெகுலேட்டரின் வெள்ளைக் குமிழைப் பிடித்து 'டக்'கென்று ஒலிக்கும்வரை திருப்பினார்.

உறுமல் கத்தரித்ததுபோல் நின்றது.

"புடிச்சாச்சுடா மச்சான்!" என்று கஜபதி பெட்டியின் விளிம்பில் ஓங்கித் தட்டினான். வெளியே கை தட்டினார்கள். அவன் ஓடிப்போய் டேப்பைப் போட்டான். முதலில் இக்னேஷியஸ் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது. அவ்வளவு தெளிவாக, பக்கத்தில் நிற்கிறவன்போல. பிறகு பாடினான். ஷாமியானாவில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

ஜேசுராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஃபேன்தான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவருதான் கண்டுபுடிச்சாரு. மாட்டுன மறுநாளே."

"அப்ப கழட்டிப் போட்டிருக்கலாமே?"

சகாயம்மாள் கணவனின் நெற்றியில் வியர்வைபோல் படிந்திருந்த பன்னீரை முந்தானையால் ஒற்றினாள்.

"பாட்டு வெச்சா ஃபேனை நிறுத்திடுவோம் மாமா. வேர்த்துக்கினே கேப்போம். நீங்க வந்தா மட்டும், ஃபேனைப் போடு போடுன்னுவாரு."

கூடம் கொதித்தது. ஜன்னல் மேடையில் பனையோலை விசிறி ஒன்று கிடந்தது. ஜேசுராஜ் அதை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். பாட்டு முடிகிறவரை தம்பியின் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஃபாதர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று இரண்டு தடவை வந்து சொன்னார்கள். எழுந்திருக்கவில்லை.

கரண்டு அடித்துத்தான் அவன் செத்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். இக்னேஷியஸ் இறந்தது மாரடைப்பில். அவன் செய்த செட்டில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ரெகுலேட்டரில் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் ஜேசுராஜ்.