‘கேள்’ என்ற கட்டளை

வேல்குமாரின் பாஷையிலிருந்து ‘கேள்’ என்ற கட்டளையை எடுத்துவிடலாமா வேண்டாமா என்று பேசத்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேர் நல்லூரில் கூடினார்கள். இடம் குமாரசாமியின் பனியன் கம்பெனி. வருஷம் இரண்டாயிரத்து ஆறு. பாஷை என்றால் கம்ப்யூட்டர் பாஷை. துணியை எத்தனை அடுக்காக விரிப்பது, எந்த சைஸில் எத்தனை பீஸ் வெட்டுவது என்பதைக் கட்டிங் செக்‌ஷன் ஆட்களே பத்து வரியில் எழுதிக்கொள்ளட்டும் என்று மூன்று வருஷம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அவன் உண்டாக்கியது. அடுக்கு, வெட்டு, கேள் என்று எல்லாம் தமிழ் வார்த்தைகள்தான், இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். பதினான்கு கம்பெனிகளில் ஓடிக்கொண்டிருந்தது. வருஷம் ஒருமுறை அதைப் புழங்குகிறவர்களைக் கூப்பிட்டு, போண்டாவும் டீயும் கொடுத்து, எதைச் சேர்க்கலாம், எதைக் கழிக்கலாம் என்று கேட்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தான்.

துணி பத்தாமல் போகிற இடத்தில் ‘கேள்’ ஓட்டத்தை நிறுத்தும். எந்த சைஸைக் குறைக்கலாம் என்று திரையில் கேள்வி வரும். குமாரசாமி கம்பெனியில் அதற்குப் பதில் சொல்கிறவள் சித்ரகலா. குழந்தையில் போலியோ வந்து சூம்பிப்போன கால் அவளுக்கு. தையல் மிஷினின் பெடலை மிதிக்க முடியாது, செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நிற்கவும் முடியாது. ஆறு வருஷம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய பிறகு அவளுக்கென்று அமைந்தது அந்த ஒரு நாற்காலிதான். பத்து வரி எழுத அரைமணி போதும், அதை ஆபீசில் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நாள் முழுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது இந்தக் கேள்விக்காகத்தான். ‘கேள்’ போனால் சித்ரகலாவின் வேலையும் போகும். கூடியிருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் பேச்சு என்னவோ பாஷையைப் பற்றித்தான் நடந்தது.

எடுத்துவிடலாம் என்றவன் பிரதீப், வேல்குமாரின் கூட்டாளி. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினான். பதினோரு கம்பெனிகளில் கேள்வியைப் படித்துக்கூடப் பார்க்காமல் முதல் பதிலைத் தட்டிவிடுகிறார்கள். ஓரிடத்தில் பதில் சொல்கிற ஆள் பொங்கலூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட, கட்டிங் டேபிள் அரைநாள் சும்மா கிடந்திருக்கிறது. கேட்கவே வேண்டாம், எல்லா சைஸிலும் சமமாகக் குறைத்துக்கொண்டு மிஷின் தன்பாட்டுக்குப் போகட்டும் என்றான். நிற்காமல் ஓடினால் பாஷையை விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்று சொல்லியிருப்பதைப் பற்றி மட்டும் அவன் வாய் திறக்கவில்லை. காலையிலேயே வேல்குமாரின் காதில் போட்டுவைத்திருந்தான்.

கட்டிங் மாஸ்டர் பொன்னுச்சாமிக்கு மனசு ஒப்பவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“கேக்காம வெட்டிப்போட்டா, தப்பு யாரு மேலைங்க?”

தப்பே வராது என்றான் பிரதீப். வெட்டின துணி ஒட்டாதுங்க என்று முனகிக்கொண்டு அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். வேண்டுமென்கிறவர்கள் ‘கேள்’ வைத்துக்கொள்ளட்டும், வேண்டாதவர்கள் விட்டுவிடட்டும் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். இரண்டு மாதிரி பாஷையை யார் மேய்ப்பது என்று அதுவும் அடிபட்டுப் போயிற்று. கடைசியில் முதலாளி குமாரசாமி நாற்காலியைத் திருப்பினார்.

“ஏங்கண்ணு, தெனமும் பாக்கறவ நீ. நீ என்ன சொல்ற?”

சித்ரகலா முந்தானை நுனியைச் சரிசெய்துகொண்டாள். “உங்க இஷ்டமுங்க,” என்றாள்.

சொல்லிவிட்டு வேல்குமாரைப் பார்த்தாள். கொங்குப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால் போதுமுங்க என்றுதான் முதலில் வாய் சொல்லும். அதை நம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்கிறவனை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போது வருவதுதான் பதில், முதலில் வந்தது மரியாதை. வேல்குமாரும் அதே பந்தியில் உண்டு வளர்ந்தவன்தான். அக்கா, நெசமாச் சொல்லுங்க என்று ஒரு வார்த்தை போதும், அவள் சொல்லியிருப்பாள். ஆர்டர் கொடுக்கிற ஜெர்மன்காரன் எந்த சைஸைக் குறைக்க விடமாட்டான், எந்த ஆர்டரில் குழந்தை சைஸ் குறைந்தால் பெட்டியே திரும்பி வரும் என்றெல்லாம் நான்கு வருஷமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் அவள் சொல்லிவிட்டால் அவன் அவள் பக்கம் நின்றாக வேண்டும். நின்றால் பெங்களூர் இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவனுடைய மனசே அவனைக் கேட்டது. இருந்தது போண்டாதான். அதை விழுங்கிவிட்டுத் தட்டில் மிச்சமிருந்த சட்னியை வழித்துக்கொண்டிருந்தான்.

“அப்பறம் என்ன, புள்ளையே செரிங்குது,” என்றார் குமாரசாமி. பிரதீப் எழுதிக்கொண்டான். சித்ரகலா காலி டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள். வண்டியில் வீட்டுக்குப் போகும்போது வேல்குமாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ அழக்கூடாதுடா பாவி என்று தன்னையே வைதுகொண்டான்.

புதன்கிழமை காலையில் புதிய பதிப்பைப் போட வந்தான். ‘கேள்’ மொத்தம் நாற்பத்தேழு வரி. எடுத்த பிறகும் பாஷையில் எங்கேயும் ஒரு குறை தட்டவில்லை. ஒன்றிரண்டு தப்பாவது வராதா, அதைச் சாக்கிட்டு நிறுத்தலாமே என்று நப்பாசையோடு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். வரவில்லை. ஓட்டிக் காட்டுங்கக்கா என்றான் சித்ரகலாவிடம். அன்றைய முதல் லாட்டில் நாற்பது கிலோ துணி குறைவு. எப்போதும் நிற்கிற இடம் வந்ததும் சித்ரகலா நாற்காலி நுனிக்கு நகர்ந்து, நோட்டைப் புரட்டி, பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். எண்கள் மளமளவென்று மேலே போய்க்கொண்டிருந்தன. பிரிண்டர் காகிதத்தைத் துப்ப, பொன்னுச்சாமி வந்து கிழித்துக்கொண்டு போனார். பக்கத்து டேபிளில் கத்தி ஓடுகிற சத்தம் கேட்டது.

“நல்லா ஓடுதுங்க தம்பி,” என்றாள் சித்ரகலா. “நிக்கவே இல்லீங்க.”

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பஞ்சுத் தூசி படியாமலிருக்க சாயங்காலம் வேலை முடிந்து போடுகிற பிளாஸ்டிக் உறையை எடுத்து, இரண்டு தரம் உதறி, கீபோர்டின் மேல் போட்டு, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து விட்டாள்.