பதிமூன்றரை அடி

என் அண்ணன் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார். கூடைப்பந்துச் சங்கத் தலைவர் வேறு, கேட்கவா வேண்டும்! அன்றைய கூட்டத்திலும் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

"நாங்கள்லாம் பத்தடி வளையத்துல போட்டுத்தான் பழகினோம். செத்தா போயிட்டோம்?"

நான் பிசியோதெரபிஸ்ட். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக நான் எழுதிய விதிமுறை ஒரே பக்கம்தான்: வளையம் எட்டரை அடி, பந்து சின்னது, ஒரு நாளைக்கு ஒரே மேட்ச், வாரம் இரண்டு நாள் ஓய்வு. அன்று ஓட்டெடுப்பில் தோற்றால் மூன்று வருடத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அண்ணன் மகளுக்கு அதற்குள் பன்னிரண்டு ஆகிவிடும். ஒன்பது வயதில் தோள்வலியோடு என் கிளினிக்கில் உட்கார்ந்து, "இனிமே பந்தையே தொட மாட்டேன், அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தை" என்று தேம்பியவள் அவள். அந்த வருடம் அவளைப் போலப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள்.

"பேசினது போதும்ணா. எல்லாரும் மைதானத்துக்கு வாங்க" என்றேன்.

அங்கே வெல்டிங்காரரை வைத்துத் தூணில் ஒரு வளையம் மாட்டியிருந்தேன். பதிமூன்றரை அடி உயரம். என் கையில் இரண்டு கிலோ பந்து.

"என்னம்மா கூத்து இது?" என்றார் செயலாளர்.

"ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பத்தடி எப்படியோ, உங்க உயரத்துக்கு இது அப்படி சார். பந்தும் உங்க எடைக்குக் கணக்குப் போட்டதுதான், தொப்பையையும் சேர்த்து. ஆளுக்குப் பத்துத் தடவை போடுங்க."

ஓட்டுப் போட வேண்டிய ஏழு பேரும், அண்ணன் உட்பட, ஒரு காலத்தில் ஆடியவர்கள். மானப் பிரச்சினை, சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். செயலாளர் போட்ட பந்து வலையைக்கூடத் தொடவில்லை. பழைய நடுவர் நான்காவது தடவையிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அண்ணன். முன்னாள் கேப்டனல்லவா, அழகாக நெற்றிக்கு மேலே பந்தைத் தூக்கித்தான் போட்டார். எட்டவில்லை. மறுபடியும் எட்டவில்லை. ஐந்தாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பந்தை இடுப்புக்கு இறக்கி, உடம்பையே முறுக்கி வீசினார்.

பள்ளி விட்டு வந்து படியில் காத்திருந்த மகள் கத்தினாள்: "அப்பா! இடுப்புலேர்ந்து எறியக் கூடாதுன்னு என்னைத் திட்டுவீங்களே!"

மைதானமே கொல்லென்று சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. வளையத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு மகளின் தோளைப் பார்த்தார்.

"இதைத்தானா இத்தனை நாளா உன்னைப் போடச் சொன்னேன்?" என்றார்.

அங்கேயே ஓட்டெடுத்தோம். முதலில் உயர்ந்த கை அண்ணனுடையது. ஏழுக்கு ஏழு! நான் வெட்கத்தை விட்டு விசிலடித்தேன்.

தோள் தேற இரண்டு மாதம் பிடித்தது. அதன்பின் ஒரு சனிக்கிழமை, எட்டரை அடி வளையத்தின் முன் அவள் சின்னப் பந்தோடு நின்றாள். நெற்றிக்கு மேலிருந்து போட்டாள். சரக்கென்று வலைக்குள் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. இருபதுக்கு மேல் நான் எண்ணவில்லை, கண்ணீர் மறைத்தது.

"போதும்டி, வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு உனக்கு ஓய்வு நாள்" என்றார் அண்ணன்.

"ஓய்வா? யாரு சொன்னது?"

"உங்க அத்தைதான் எழுதியிருக்கா. சங்கத்து விதி, மீற முடியாது."

அவள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! "உங்களுக்கு வேற வேலையே இல்லையா அத்தை?" என்று கத்தினாள்.