மண்மேட்டில் மாமியார் முறை

"மேவிஸையும் லிண்டனையும் மேட்டுல ஒண்ணா விடாதீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இப்பவே வேற இடம் போடுங்க."

நெரிடா கேட்டுவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று மேவிஸ் அன்று காலையில்தான் விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள். கேட்ட பிறகு வாய்க்குள் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு ருசி.

சுரங்க மேலாளர் கிராண்ட் காபிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"ஏன், சண்டையா?"

"சண்டை இல்ல."

"அவன் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டானா?"

"இல்ல. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. முகத்துக்கு முகம் பாக்கவும் கூடாது. எங்க சனத்துல அப்படி. மேவிஸ் அவனுக்கு மாமியார் முறை."

"அவனுக்குக் கல்யாணமே ஆகலையே!"

"முறை கல்யாணத்துல வர்றதில்ல கிராண்ட். பொறக்கும்போதே வந்துடுது. அவன் பொறந்த பிரிவு அது, அவங்க பொறந்த பிரிவு இது. அவ்வளவுதான்."

கிராண்ட் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அந்த வட்டாரத்திலேயே அதிகமான கறுப்பின மக்களை, அந்த மண்ணின் பூர்வகுடிகளை, வேலைக்கு எடுத்தவர் அவர்தான். அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். நெரிடாவையும் அவர்தான் எடுத்தார். அவள் அம்மா இந்த முகாமில் அறை கூட்டினவள். மகள் பல்கலைக்கழகம் போய்ப் படித்துவிட்டு அதே முகாமுக்குப் பயிற்சி அதிகாரியாக வந்தாள். கம்பெனியின் வாசல் பலகையில் அவள் முகம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. ஓட்டுநர்களுக்குப் பாடம் எடுப்பதும், தேறினவன் தேறாதவன் என்று சொல்வதும் அவள் வேலை.

அவள் வகுப்பின் முதல் பாடமே மண்மேடுதான். சுரங்கத்திலிருந்து கழிவு மண்ணை ஏற்றி வரும் லாரி, மாடி வீடு அளவு உயரம். அது மேட்டின் விளிம்புவரை பின்னால் போய்க் கொட்ட வேண்டும். கொட்டிய மண்ணைத் தள்ளிச் சமன் செய்ய அங்கே ஒரு புல்டோசர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். லாரிக்காரன் ரேடியோவில் புல்டோசரைக் கூப்பிட வேண்டும். புல்டோசரில் இருப்பவரே "வா" என்று சொல்ல வேண்டும். குரல் வராவிட்டால் சக்கரம் பின்னால் உருளக் கூடாது.

புல்டோசரில் மேவிஸ். லாரியில் லிண்டன். இருவருக்கும் ஒரே ஷிஃப்ட்.

இவ்வளவு நாளும் இது எப்படி நடந்தது என்றால், நடுவில் டெஸ்மண்ட் இருந்தார். பாதையைச் சீர் செய்கிற வண்டி அவருடையது. "மாமா, நான் மேட்டுக்கு வந்துட்டேன்" என்பான் லிண்டன். "மேவிஸு, ஒரு வண்டி வருது" என்பார் டெஸ்மண்ட். "வரட்டும்" என்பாள் மேவிஸ். "வரட்டுமாம்" என்பார் டெஸ்மண்ட். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் பாடத்திலும் இல்லை. காலில் முள் குத்தினால் கை தானாகப் போகிற மாதிரி அவர்களே செய்துகொண்டது. ரேடியோவில் ஓயாமல் வம்பளக்கிறார் என்று டெஸ்மண்டுக்குக் கட்டுப்பாட்டு அறை இரண்டு தரம் எச்சரிக்கை கொடுத்திருந்தது.

போன வாரம் டெஸ்மண்டின் அண்ணன் இறந்துவிட்டார். எங்கள் சனத்தில் சாவுக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று கேட்கிற வழக்கமில்லை. அவர் வண்டியில் இப்போது நகரத்திலிருந்து வந்த ஒருவன் இருக்கிறான். அவன் தன் வேலையைப் பார்க்கிறான், பாட்டுக் கேட்கிறான்.

நேற்று லிண்டனின் கடைசித் தேர்வு. நெரிடா அவன் லாரியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை அவனுக்கு. "டிகிரி அக்கா, சீட் பெல்ட் போடு. நீ விழுந்தா இங்கிலீஷ் யாரு பேசுறது?" மேடு நெருங்கியதும் வாய் அடைத்துவிட்டது. ரேடியோவைத் தொடவேயில்லை. பின்னால் போக ஆரம்பித்தான். புல்டோசர் இருக்கும் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பார்க்காமல்.

அந்தக் கண்ணாடியை நெரிடா பார்த்தாள். மேவிஸ் லாரியைக் கண்டதும் புல்டோசரை முழுசாகத் திருப்பி முதுகைக் காட்டினாள். மருமகன் எதிரில் வந்தால் எங்கள் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். தெருவில் என்றால் ஒரு பாய் அளவு இடம் போதும், திரும்பி நின்றுகொள்ளலாம். இவள் திரும்பியதோ இரும்பு மலையோடு. முதுகைக் காட்டியபடியே வேலையைத் தொடர்ந்தாள். அப்படியே பின்னால் வந்தாள். லாரியும் பின்னால் போகிறது. கண்ணாடி முழுக்க புல்டோசரின் மஞ்சள் நிறம் ஏறிக்கொண்டே வந்தது.

"நிறுத்துடா!"

நிறுத்தினான். லாரியின் பின்சக்கரம் மேவிஸின் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. மண்ணைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விட்டாள்.

"ஏன்டா கூப்பிடல?"

"யாரை?"

"லிண்டன்!"

"அக்கா, ஊரெல்லாம் படிச்சே. உங்க அம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

இருவரும் மரியாதை கெட்டவர்களாக இருந்திருந்தால் இருவருக்கும் ஆபத்தில்லை.

காலையில் முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் மேவிஸ் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நெரிடா எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து ஒரு வண்டி உன் முதுகுக்கு எவ்வளவு பக்கத்துல வந்துச்சு தெரியுமா அத்தை?"

"நான் ஏன் அந்தப் பக்கம் பாக்கப் போறேன்?"

"இப்ப டெஸ்மண்ட் மாமாவும் இல்ல. நான் கிராண்ட்கிட்ட இடம் மாத்தச் சொல்லப் போறேன்."

அப்போதுதான் விரல் நீண்டது. "வேணாம். வெள்ளைக்காரன்கிட்ட சம்பளம் கேளு, லீவு கேளு, இதைக் கேக்காதே. சலவை அறையில அடுத்தவன் போர்வையை மடிச்சு மடிச்சுக் கெழவியானவடி நான். இப்பத்தான் மெஷின்ல ஏறியிருக்கேன். எறக்கி விட்டுடாதே."

"நசுங்கிச் செத்துப் போவே."

"செத்தா வந்து அழு. இப்ப ரொட்டி தின்னு."

இதெல்லாம் கிராண்டுக்குச் சொல்ல முடியுமா? பாதியைத்தான் சொன்னாள். லாரி எவ்வளவு நெருங்கியது என்பதைச் சொன்னாள். கிராண்டின் சிரிப்பு நின்றது. இப்போது காபியைக் கீழே வைத்தார்.

"அதாவது, ரேடியோவுல பேச முடியாத ரெண்டு பேர் என் மேட்டுல வேலை செய்யறாங்க."

"பேச முடியாதவங்க இல்ல. அவங்களுக்குள்ள மட்டும்..."

"விதி விதிதான் நெரிடா. நீயே பாடம் எடுக்கிறே. கூப்பிட மாட்டேங்கிறவன் ஓட்டக் கூடாது. பதில் சொல்ல மாட்டேங்கிறவங்க புல்டோசர்ல இருக்கக் கூடாது. சரி, நீயே சொல்லு. யாரைத் தூக்கணும்?"

"தூக்கச் சொல்லல. மேவிஸைக் கீழ மண்ணு ஏத்துற எடத்துக்கு அனுப்புங்க. நீங்க ரேடியோவுல ஒரு வார்த்தை சொன்னா போதும். அவ்வளவுதான்."

"இன்னைக்கு விழா. இன்னைக்குப் போய் ஆளை மாத்தினா மேடு காலி. மேட்டுல இருக்கிறது முழுக்க உங்க ஆளுங்கதான், அதைப் படம் எடுக்கத்தான் தலைமை ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க. நாளைக்குப் பேசலாம். ஆனா நாளைக்கும் என் கேள்வி இதுதான். யாரைத் தூக்கணும்?"

மேவிஸ் எதற்காக விரலை நீட்டினாள் என்று நெரிடாவுக்கு அப்போது விளங்கியது. வழக்கம் என்றால் இவர்களுக்கு விழாவில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இலை எரித்துப் புகை போடுவது. வேலைக்குள் வந்தால் அது குறைபாடு.

கதவைத் திறந்துகொண்டு பெலிண்டா வந்தாள். கம்பெனிக்கும் எங்கள் சனத்துக்கும் நடுவே உறவு வளர்க்க வைத்த நல்லிணக்க அதிகாரி. எங்கள் சனத்தின் புள்ளி ஓவியம் அச்சடித்த சட்டை, காதில் அதற்குப் பொருத்தமான தொங்கட்டான்.

"என்ன, எல்லாரும் சீரியஸா இருக்கீங்க? நல்லிணக்க வாரம்ப்பா!"

கிராண்ட் விஷயத்தைச் சொன்னார். பெலிண்டாவின் கண் கலங்கிவிட்டது.

"முதுகைக் காட்டி மரியாதையா? மெஷினையே திருப்புறாங்களா? எவ்வளவு அழகு! ஏன் நெரிடா, இதை எங்கிட்ட முதல்லயே சொல்லக் கூடாதா?" கையிலிருந்த போனில் படம் எடுப்பவர்களைக் கூப்பிட்டாள். "ட்ரோனை மேட்டுக்கு மேலயே வைங்க. லாரி வரும்போது புல்டோசர் திரும்பும். அதை விட்டுடாதீங்க."

நெரிடா ஜன்னலுக்குப் போனாள். தூரத்தில் மேடு சிவப்பாக, தட்டையாக, யாரோ தலையைச் சீவிவிட்ட மாதிரி. அதன் மேல் ஒரு மஞ்சள் புள்ளி. லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மேசையில் கிராண்டின் ரேடியோ இரைந்தது. அதில் லிண்டனின் குரல், யாரையும் பேர் சொல்லாமல்: "மேட்டுக்கு ஒரு வண்டி."

பதில் இல்லை. வராது.

மஞ்சள் புள்ளி திரும்பியது. லாரியும் திரும்பியது. இரண்டு முதுகுகளும் ஒன்றை ஒன்று நோக்கி நகர்ந்தன. பெலிண்டாகூட மூச்சை அடக்கிக்கொண்டாள், ரசனையில். லாரியின் தொட்டி உயர்ந்து மண் சரிந்தது. பிறகு லாரி இறங்கியது. எப்படித் தப்பினார்கள் என்று இந்த அறையில் யாருக்கும் தெரியாது. தப்பினோம் என்பதே மேட்டில் இருந்த இருவருக்கும் தெரியாது.

நெரிடா ரேடியோவைப் பிடுங்கினாள். "பயிற்சி அதிகாரி பேசறேன். மேட்டுல வேலையை நிறுத்துங்க. எல்லாரும் நிறுத்துங்க."

கட்டுப்பாட்டு அறை கேட்டது: "என்ன விஷயம் மேடம்?"

கிராண்ட் மெதுவாக அவள் கையிலிருந்து ரேடியோவை எடுத்தார். பிடுங்கவில்லை, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிற பக்குவம். "கிராண்ட் பேசறேன். ஒண்ணும் இல்ல. நடக்கட்டும்."

"சரி சார். நடக்கட்டும்."

காற்று எழும்பியிருந்தது. மேட்டின் விளிம்பிலிருந்து செம்புழுதி கிளம்பி மஞ்சள் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. லிண்டன் கீழே போய் மண் ஏற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அவ்வளவு நேரம்தான் இருக்கிறது. மேட்டுக்கு ஏறுகிற பாதை ஒன்றே ஒன்று. அதன் அடியில் ஒரு வண்டி குறுக்கே நின்றால் எந்த லாரியும் ஏற முடியாது, கேமராவுக்காகக்கூட முடியாது.

சுவரில் மாட்டியிருந்த ஜீப் சாவியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் கிராண்ட். "விழா ஆரம்பிக்கப் போகுது. உன் பேச்சுதான் முதல்ல."

"பெலிண்டா பேசட்டும். சட்டை அவங்ககிட்டதான் இருக்கு."

பெலிண்டா தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள்.

கிராண்டுக்குப் புரிந்துவிட்டது. குரல் தாழ்ந்தது. "அந்தப் பாதையை மறிச்சே, நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல. அவங்க ரெண்டு பேருக்கும்தான். ஏன் மறிச்சேன்னு விசாரிச்சா எல்லாம் வெளிய வரும். உன் ஆளுங்களே உன்னைத் திட்டுவாங்க."

திட்டுவார்கள். லிண்டனின் அம்மா அவள் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவாள். மேவிஸ் மறுபடியும் போர்வை மடிக்கப் போக வேண்டியிருக்கும். மடிக்கும் ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு சாபம் விழும். வாசல் பலகையில் அவள் முகம் இருந்த இடத்தில் வேறு யாரையாவது ஒட்டுவார்கள்.

"நீங்க கேட்டீங்கள்ல, யாரைத் தூக்கணும்னு," என்றாள் நெரிடா. "என்னைத் தூக்குங்க. மத்த ரெண்டு பேருக்கும் நான் எழவு வீட்டுல போய் உக்கார முடியாது."

"நெரிடா, யோசிச்சுப் பாரு."

யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கதவைத் திறந்ததும் புழுதி முகத்தில் அடித்தது. கொடிக்கம்பத்தருகே விழாவுக்குப் போட்ட நாற்காலிகளில் ஆட்கள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவள் அசைக்கவில்லை. நாற்காலி வரிசைக்கு நடுவே புகுந்து, சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, ஜீப் நிற்கிற பக்கம் நடந்தாள்.