நாற்பத்தொன்றாவது கல்

எங்கள் அறையில் எலும்புகளுக்குக் கல்லை வைத்து முட்டுக் கொடுப்போம். ஒரு விலா எலும்பை மேசைமேல் வைத்தால் அது உருளும். உருண்டால் உடையும். பதினாறு கோடி வருடமாக உடையாமல் இருந்ததை நாம் உடைத்துவிட்டால் வெளியே தலைகாட்ட முடியுமா என்பார் ஊசி அக்கா. அதனால் தோட்டத்தில் பொறுக்கிய வழுவழுப்பான கூழாங்கல்லை இரண்டு பக்கமும் சொருகி வைப்போம். வேலை முடிந்ததும் கற்கள் கதவோரம் இருக்கும் பெரிய தகர டப்பாவுக்குப் போய்விடும்.

ஊசி அக்கா இந்த அறைக்குப் பொறுப்பாளர். அருங்காட்சியகத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது எங்கள் அறை. எலும்பைச் சுற்றியிருக்கும் களிமண்ணை ஊசியால் கிளறி எடுப்பதுதான் வேலை. அவர் எடுத்தால் எலும்புக்கே தெரியாது. என்னை அவர் பூனை என்று கூப்பிடுவார். நான் வருவதும் போவதும் காதில் விழாதாம்.

நான் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆறு மாதம் சோதனைக்காலம். அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஊசி அக்கா என்னைப் பற்றி ஒரு படிவம் நிரப்பி அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதில் மூன்று கட்டங்கள். மூன்றிலும் ‘நன்று’ இருந்தால்தான் வேலை நிரந்தரம். வேலைத் திறன், நன்று. நேரம் தவறாமை, நன்று. சக ஊழியர்களிடம் பேசிப் பழகுதல் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“இதுல என்ன எழுதறது, நீயே சொல்லு” என்றார்.

நான் சிரித்தேன்.

“பாரு, சிரிப்புக்குக்கூட சத்தம் வரலை.”

அப்போது எங்கள் மேசைமேல் இருந்தது ஒரு ப்ளீசியோசார். செங்கல் சூளைக்கு மண் வெட்டிய குழியில் கிடைத்தது. டைனோசார் இல்லை, டைனோசார் காலத்தில் கடலில் நீந்திய ஊர்வன. சின்னத் தலை, நீளக் கழுத்து, துடுப்பு மாதிரி நான்கு கால்கள். நாங்கள் அதை நெட்டைக்கழுத்தி என்போம். எனக்குக் கொடுத்திருந்தது வயிற்றுப் பகுதி. அதில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் பாதி மண்ணை ஊறவைத்துவிட்டு, வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காத மனிதர் என்று அவருக்குப் பெயர். நான் பார்த்தபோது விலா எலும்புகளுக்கு நடுவே, குழைந்த சேற்றுக்குள், முட்டுக்கற்கள் அப்படியே கிடந்தன. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தேன். பளிச்சென்று கழுவினேன். எந்த எலும்புக்குப் பக்கத்தில் இருந்தது என்று நோட்டில் எழுதினேன். டப்பாவில் போட்டேன். நாற்பத்தொரு கல். இதெல்லாம் நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் வந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்தார். நீண்ட கழுத்துப் பிராணிகளைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாத, சந்தோஷமான ஆள். வியாழன் மதியம் ரயில். அதற்குள் நெட்டைக்கழுத்தியைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டு போய்க் கட்டுரை எழுதப் போகிறார்.

வயிற்றுப் பக்கம் வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்தார். அரைமணி நேரம் குனிந்தபடியே இருந்தார்.

“ஒண்ணுமே இல்லையா?”

“மீன் முள்ளு கொஞ்சம் இருக்கு சார்” என்றார் ஊசி அக்கா.

“கல்லு?”

“என்ன கல்லு?”

“இதுங்க கல்லு முழுங்கும்மா. இத்தனை வருஷமா சண்டை போட்டுட்டிருக்கோம். தண்ணிக்குள்ள மிதக்காம இருக்க வெயிட்டுக்கு முழுங்குதுன்னு ஒரு கட்சி. மெல்ற பல்லு கிடையாது, அதனால வயித்துக்குள்ள அரைக்கறதுக்குன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டுமே இல்லைன்னேன். ஏதோ இரையோட சேர்ந்து தப்பித்தவறி உள்ள போறதுன்னேன். யாராவது கேட்டாங்களா?” மேசையைத் தட்டினார். விலா எலும்புகள் அதிர்ந்தன. ஊசி அக்கா இரண்டு கைகளாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டார். “இப்ப பாருங்க! இவ்வளவு பெரிய உடம்பு, முழுசா இருக்கு. ஒரு கல்லு கிடையாது!”

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறந்தது. கையை நீட்டி டப்பாவிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டார். பழுப்பு நிறக் கல். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. என் நோட்டில் பதினேழாவது. அதன் கீழே அவர் எழுதிக்கொண்டிருந்தது தலைகீழாகத் தெரிந்தது. ‘இந்த வயிற்றில் கல் இல்லை.’

அப்போதுதான் புரிந்தது, முட்டுக்கல் என்று நான் கழுவி எடுத்ததெல்லாம் அது முழுங்கிய கற்கள். வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் மூன்றாவது கட்டத்தோடு முதல் கட்டமும் போய்விடும். ஆனால் அவர் எழுதியது அச்சாகும். இனி யார் எந்த வயிற்றைப் பார்த்தாலும் இதையும் கணக்கில் வைத்துத்தான் பேசுவார்கள். பாவம், நெட்டைக்கழுத்தி நாற்பத்தொரு கல்லைச் சுமந்தது. நான் ஒரு வாரத்தில் அதைக் காலி செய்துவிட்டேன்.

உள்ளே போனேன்.

“சார், அந்தக் கல்லைத் தூக்காதீங்க.”

குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பேராசிரியர் தேள் கொட்டியது போலக் கையை எடுத்துக்கொண்டார். ஊசி அக்கா என்னைப் பார்க்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தார், வேறு யாரோ பேசியதாக நினைத்து.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாற்பத்தொண்ணா?” என்றார் ஊசி அக்கா.

நோட்டைக் கொடுத்தேன். பேராசிரியர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“எந்த எலும்பு, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்... முட்டுக்கல்லுன்னு நினைச்சியே, அதுக்குப் போய் யாரும்மா இப்படி எழுதுவாங்க?”

“பேச வேண்டியதையெல்லாம் எழுதித் தீர்த்துடுவா சார்” என்றார் ஊசி அக்கா.

பேராசிரியர் தான் எழுதிய காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்துப் பையில் போட்டார். “நல்ல கட்டுரை. ரெண்டு நிமிஷம் வாழ்ந்துச்சு. சரி, நான் கிளம்பறதுக்குள்ள நாற்பத்தொண்ணும் வரணும். ஆனா டப்பாவுல எது வயித்துக் கல்லு, எது தோட்டத்துக் கல்லுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே? கழுவி வேற வச்சுட்டியே.”

அதை நான் படிக்கட்டில் நிற்கும்போதே யோசித்திருந்தேன். எவ்வளவு கழுவினாலும் கல்லின் ஊசித்துளைக் குழிகளுக்குள் கொஞ்சம் மண் தங்கும். பதினேழாவது கல்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். குழிக்குள் சாம்பல் நிறக் களிமண். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில், சங்கு மாதிரி சுருண்ட ஓர் ஓடு. செங்கல் குழி மண்ணில் அந்த ஓடுகள் நிறைய உண்டு. தோட்டத்துக் கல்லில் மணலும் பாசியும்தான் இருந்தன.

“பூனைக் கண்ணு” என்றார் ஊசி அக்கா.

மாலைக்குள் டப்பாவைச் சலித்து முடித்தேன். இருபத்தாறு கிடைத்தன. மீதி பதினைந்து?

அதுதான் சிக்கல். அந்த டப்பாவில் கல் வேண்டும் என்றால் யாரும் கேட்பதில்லை. வருவார்கள், எடுப்பார்கள், போவார்கள். என் கற்கள் பார்க்க அழகாக வேறு இருந்தன. கட்டடம் முழுக்கப் போயிருக்கும்.

“அக்கா, நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா...”

“எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு. கழுவினது யாரு? நீயே போய்க் கேளு.”

புதன்கிழமை காலை தச்சுக் கூடத்தின் கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே வாள் சத்தம். ஓய்ந்ததும் தட்டலாம் என்று இருந்தேன். அது ஓய்வதாக இல்லை. கடைசியில் தட்டாமலே உள்ளே போய்விட்டேன்.

“அட, பூனை!” என்றார் தச்சர். “வழி தப்பி வந்துட்டியா?”

“அண்ணா, கல்லு... எங்க அறைக் கல்லு ஏதாவது இருக்கா?”

“நாலு இருக்கு. முட்டை அலமாரி ஆடுதுன்னு காலுக்கு அடியில வச்சிருக்கேன்.”

“அது வேணும்ண்ணா.”

“எடுத்தா பறவை முட்டை எல்லாம் ஆம்லெட் ஆயிடும். வேற கேளு.”

“அது ப்ளீசியோசார் முழுங்கினது.”

வாளைக் கீழே வைத்தார். “யாரு முழுங்கினது?”

முதல்முறை சொன்னபோது முன்னுக்குப் பின் முரணாக வந்தது. அவர் கேள்வி கேட்டார். மறுபடி சொன்னேன். துடுப்பு எப்படி அசையும் என்று கையை வீசிக் காட்டும்போது அவருடைய பசைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அலமாரியின் கீழே குனிந்து, நான்கு மர ஆப்பை அடித்து, நான்கு கல்லையும் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

“இதை முன்னாடியே சொல்லக்கூடாது? மரியாதையா வச்சிருப்பேன்ல.”

நூலகத்தில் இரண்டு, சன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஓட்டுநரிடம் ஒன்று, வண்டியின் பின்கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க வைத்திருந்தார். காவலாளியின் மேசையில் ஒன்று. வருகைப் பதிவேட்டின் மேல். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொன்னேன். அலுவலகத்துக்குப் போகும்போது மீன் முள், இரண்டு கட்சி, பேராசிரியரின் இரண்டு நிமிடக் கட்டுரை எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன.

தலைமை எழுத்தரம்மாவின் மேசையில் ஆறு கோப்பு அடுக்குகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். மேலே ரயில் மாதிரி சத்தம் போடும் விசிறி.

“அலுவலகப் பொருள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாத்தான் தருவேன்.”

எழுதுவது எனக்குச் சுலபம். காகிதத்தைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் அவர், “எதுக்கு?” என்று கேட்டுவிட்டார். சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பினார்கள். தலைமை எழுத்தரம்மா நடுவில் எழுந்து விசிறியை நிறுத்தினார், கேட்கவில்லை என்று. பிறகு மறந்து மறுபடி போட்டுவிட்டார், கற்களை என் கையில் கொடுத்த பிறகு. ஆறு அடுக்கும் பறந்தன. நாங்கள் ஐந்து பேர் தரையில் தவழ்ந்து பொறுக்கினோம்.

எல்லாம் சேர்த்து நாற்பது.

நாற்பத்தொன்று எங்கே? நோட்டின் கடைசி வரியைப் பார்த்தேன். ‘கறுப்பு. முட்டை வடிவம். மிக அழகு.’ என் எழுத்துதான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதை நானே என் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன்.

வீட்டுப் படியேறும்போதே டக் டக் என்று சத்தம் கேட்டது. சமையலறையில் அண்ணி இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். கையில் கறுப்புக் கல்.

“அண்ணி, அதைக் கொடுங்க.”

“எதுக்கு? இது வந்த பிறகுதான் இந்த வீட்ல மனுஷங்க குடிக்கற மாதிரி டீ கிடைக்குது.”

“அது ஒரு பிராணியோட வயித்துல இருந்தது.”

அண்ணியின் கை நின்றது. கூடத்தில் அண்ணன் வாயருகே கொண்டுபோன டம்ளரும் நின்றது.

“என்ன பிராணி?”

“செத்துப் பதினாறு கோடி வருஷம் ஆச்சு.”

“கழுவித்தானே கொண்டு வந்தே?”

“கழுவினேன்.”

“அப்புறம் என்ன?” டக்.

“நான் ஒரு மாசமா...” என்று ஆரம்பித்தான் அண்ணன்.

“பேசாம குடிங்க. ஆறிடும்.”

ஆனால் அண்ணி கல்லைக் கழுவித் துடைத்து என் கையில் வைத்தாள். பதிலுக்கு இதே எடையில் வேறு கல் வேண்டும் என்றாள். “உனக்காக இல்லை. பாவம், வயித்துல வச்சுக் காப்பாத்தியிருக்கு.”

வியாழன் காலை, நெட்டைக்கழுத்தியின் விலா எலும்புகளுக்கு நடுவே, நோட்டைப் பார்த்து நாற்பத்தொரு கல்லையும் அதனதன் இடத்தில் வைத்தேன். பேராசிரியர் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார். கடைசிக் கல்லை மட்டும் மூக்கருகே கொண்டுபோனார்.

“இஞ்சி?”

சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் விலா எலும்புகள் மறுபடி அதிர்ந்தன. ஊசி அக்கா ஓடிவந்து பிடித்தார்.

“இத்தனை கல்லு தப்பித்தவறி உள்ள போயிருக்காது. என் கட்சி காலி” என்றார் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வெயிட்டுக்கா, அரைக்கறதுக்கா? இனி அந்த ரெண்டு பேருக்குத்தான் போட்டி.”

“எங்க கட்டடத்தைக் கேட்டா வெயிட்டுக்குத்தான் சார் ஓட்டு” என்றார் ஊசி அக்கா. “அரைக்கறதுக்கு அவ அண்ணி மட்டும்தான்.”

பேராசிரியர் ரயிலுக்குப் போன பிறகு பதிவேட்டில் நானே எழுதினேன். கடைசி வரி: ‘எண் 41. ஒரு முனையில் புதிய தேய்மானம். காரணம்: இஞ்சி.’ டப்பாவில் மிச்சமிருந்த தோட்டத்துக் கற்களில் நல்லதாக ஒன்று அண்ணிக்கு. மற்றவை தோட்டத்துக்கே போயின. இனி முட்டுக்கு மணல் பைதான். தச்சர் பழைய கான்வாஸ் துணி கொடுத்தார். நானும் ஊசி அக்காவும் தைத்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை, தைத்துக்கொண்டே கேட்டேன். “அக்கா, படிவம்?”

“காலையிலேயே கொடுத்தாச்சு.”

“என்ன எழுதினீங்க?”

“ஆபீஸ்ல இருக்கு. வாய் இருக்குல்ல, போய்க் கேளு.”

ஆறு மணல் பைகளை எடுத்துக்கொண்டு போனேன். தலைமை எழுத்தரம்மா அவற்றை வாங்கி அடுக்குகளின் மேல் வைத்துவிட்டு, மெதுவாக விசிறியைப் போட்டுப் பார்த்தார். எதுவும் பறக்கவில்லை. கேட்பதற்கு முன்பே படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

முதல் கட்டத்தில் ‘நன்று’ அப்படியே இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘தவறையும் எண் போட்டு வைப்பவள்.’ மூன்றாவது கட்டத்திலும் ஊசி அக்காவின் கையெழுத்தில் ‘நன்று’. அதற்குக் கீழே பென்சிலில் வேறு ஒரு கை எழுதியிருந்தது.

‘சற்று அதிகம்.’

“தப்பா?” என்றார் தலைமை எழுத்தரம்மா.

“இல்லைம்மா” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இஞ்சிக் கதையை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.