எண்பதில் பறக்கும் பாதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டது. டிரைவரம்மா தன் அக்காவைப் பற்றிக் கண்டக்டரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். கேட்ட சுவாரசியத்தில் இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். மூன்று ஸ்டாப் திரும்பி நடந்ததற்குக் கூலியாக இது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: விரிந்து பரந்த நீலவானத்தின் கீழே, எல்லையற்ற நெடுஞ்சாலையொன்று தன் இருமருங்கிலும்...

(அடித்துவிட்டேன். எத்தனை வரி ஓடினாலும் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஏனென்று நான்காம் பகுதியில் தெரியும்.)

3

அக்காவுக்கு வீடியோ கேம் கம்பெனியில் வேலை. பைக் பந்தய விளையாட்டுக்குப் பாதை போடுவது அவள் பொறுப்பு. எங்கே ரோடு, எங்கே வளைவு, எங்கே மரம் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான். தனியாகப் போட்ட முதல் பாதை, ஒரு கடற்கரைச் சாலை. ஆசை ஆசையாகப் போட்டாள். ஆறு லாரி பக்கத்துப் பக்கத்தில் போகலாம், அவ்வளவு அகலம்.

டீம் லீடர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வேகம் பத்தலை" என்றார். எதைக் காட்டினாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். அதனாலேயே ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் பத்தலை.

புரோகிராமர் வண்டியின் வேகத்தை எண்பதிலிருந்து நூறாக்கினார். பத்தலை. நூற்றிருபது. பத்தலை. நூற்றைம்பதில் வண்டி வளைவில் திரும்பாமல் கடலுக்குள் போய் விழுந்தது. "இப்பவும் பத்தலை" என்றார் அவர், தண்ணீருக்குள் இருந்தபடியே.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்தப் பாதையைத் தூக்கிரலாம்மா."

(இங்கே அவள் அழுததாக ஒரு பக்கம் எழுதினேன். வேண்டாம். அழுகிற ரகமில்லை அவள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் தடதடவென்று கழுவினாள்.)

4

"பாத்திரம் உன்னை என்னக்கா பண்ணுச்சு?" என்று கேட்டபடி தங்கை வந்தாள், பஸ் டிரைவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல். விஷயத்தைக் கேட்டாள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"லூசுக்கா நீ. பைபாஸ்ல எண்பதுல போனா எனக்குக் கொட்டாவிதான் வரும். பக்கத்துல ஒண்ணுமே இல்லாம, எதை வச்சு வேகம் தெரியும்? அதே பஸ்ஸை மார்க்கெட் சந்துல முப்பதுல விட்டுப் பாரு. கண்ணாடியை உரசுற மாதிரி சுவரு, கம்பம், கடை. பின்னாடி இருக்கிறவங்க 'மெதுவா போம்மா'ன்னு கத்துவாங்க."

"அப்போ வேகம் வண்டியில இல்லைங்கிற?"

"ஓரத்துல இருக்கு. அப்புறம், ஸ்டாப் தூரத்துலயே தெரிஞ்சா கால் தானா பிரேக்குக்குப் போயிரும். பந்தயம் முடியுற எல்லைக்கோட்டை ஏன் அவ்வளவு முன்னாடியே காட்டுற?"

(என் நீலவானத்துக்கு என்ன கேடு என்று இப்போது புரிகிறதா? பக்கத்தில் ஒரு கம்பம்கூடக் கிடையாது.)

5

மறுநாள் அவள் ரோட்டைப் பாதியாக ஒடுக்கினாள். ஓரமாக விளக்குக் கம்பங்கள் நட்டாள், முதலில் தள்ளித் தள்ளி, போகப்போக நெருக்கி. நடுவில் ஒரு பாலம், தலையில் இடிக்குமோ என்று பயப்படுகிற அளவுக்குத் தாழ்வாக. அதைத் தாண்டியதும் சட்டென்று கடல். எல்லைக்கோடு கடைசி வளைவுக்குப் பின்னால்.

வெள்ளிக்கிழமை காலை. பத்தலை உட்கார்ந்தார். கம்பம். கம்பம். கம்பம். பாலம் வந்ததும் மனுஷன் நிஜமாகவே குனிந்தார். மேஜையில் நெற்றி இடித்தது.

(நானும் ஓரத்தில் கம்பம் நடுகிறேன், கவனித்தீர்களா?)

"ஐயையோ, இருநூறுல வச்சிருக்கீங்களா? குறைங்கப்பா, குறைங்க!"

புரோகிராமர் தன் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவள் காதோரம் வந்து, "புதுக் கம்பத்தையெல்லாம் நிதானமா பார்க்கலாம்னு நேத்து எண்பதுக்கு இறக்கினேன். திரும்ப ஏத்த மறந்துட்டேன்" என்றார்.

எண்பது! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேகத்தின் எண்ணைத் தொடவேயில்லை. கம்பங்களை மட்டும் ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"குறைச்சாச்சு சார்."

6

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் அவளுக்குப் பதவி உயர்வு. சகிக்கவில்லை. இன்னொன்றில் எண்பது என்கிற குட்டு உடைந்து, எல்லாரும் கைதட்டுகிறார்கள். அது தூரத்திலேயே தெரிகிற கோடு. நீங்கள் பிரேக் போட்டிருப்பீர்கள்.

அதனால் இத்தோடு விடுகிறேன். பத்தலை மறுபடி ஓட்டுகிறார். கம்பம், கம்பம், பாலம், கடல், வளைவு, கோடு! வியர்த்த நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டு சொல்கிறார்:

"பத்தலை."

அடுத்து அவர் சொன்னதை நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு துப்பு தருகிறேன்: கன்ட்ரோலரை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை, விரல் மறுபடி ஸ்டார்ட் பட்டனுக்குப் போகிறது.