சாயங்காலம் வரும் மனைவி

“ஏம்மா, நீ இன்னும் கிளம்பலையா? என் வீட்டுக்காரி வர்ற நேரமாச்சு.”

சொன்னவர் கணவர். கேட்டுக்கொண்டு நின்றவள் சாட்சாத் அந்த வீட்டுக்காரியேதான். என்ன கொடுமை பாருங்கள்! விடிந்ததிலிருந்து அவருக்குப் பல் தேய்த்துவிட்டு, குளிப்பாட்டி, ஊட்டி, நனைந்த துணியை மாற்றி, இத்தனையும் செய்தவள் அவர் கணக்கில் சம்பளத்துக்கு வந்த நர்ஸம்மா.

ஆரம்பத்தில் மல்லுக்கட்டிப் பார்த்தாள். கல்யாணப் போட்டோவைத் தூக்கிவந்து காட்டினாள். அவர் போட்டோவையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். “இவ என் பொண்டாட்டி. நீ யாரு?” என்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டார். அன்றோடு அந்த வாதத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாள்.

அப்புறம் கண்டுபிடித்த வழிதான் இது. தலையைச் சீவி, மருந்துக்கடை வேலைக்குப் போன காலத்துக் கைப்பையை மாட்டிக்கொண்டு, “வரேன் சார்” என்று வெளியேறுவாள். மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அழைப்புமணியை அழுத்துவாள்.

அந்தக் காலத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர், அன்று போலவே ஓடிவந்து கதவைத் திறப்பார். “வந்துட்டியா! ஏன் இவ்வளவு நேரம்?” என்று பையை வாங்கிக்கொள்வார். முகமெல்லாம் பல்லாக இருக்கும். டீ குடித்து முடிக்கிறவரை அவள் மனைவி.

“அந்த நர்ஸம்மா இருக்காளே, சரியான சிடுமூஞ்சி” என்று அவளிடமே கோள் மூட்டுவார். “ஆனா பாவம், அவளுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ.”

டம்ளர் காலியானதும் மறுபடி நர்ஸம்மாதான். அந்த ஒரு டம்ளர் டீக்காகத்தான் நாள் முழுக்க மாடாய் உழைத்தாள். வேறு எதற்காம்?

“முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்மா. நீ படுத்துட்டா யாரு பார்க்கிறது?” என்று மகள் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

“பெல் அடிச்சா அப்பாவுக்கு என்னைத் தெரியுதுடி. அது இருக்கிற வரைக்கும் எங்கயும் அனுப்ப மாட்டேன்.”

அன்றும் படியில் நின்றாள். முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. கீழ்வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, இன்னைக்கும் ட்யூட்டியா?”

“ஆமா. எங்க முதலாளி லீவே தரமாட்டேங்கிறாரு.”

சிரித்துக்கொண்டே மணியை அழுத்தினாள். கதவு திறந்தது.

“வந்துட்டேங்க” என்று பையை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. “யாரு வேணும்?” என்றார், ரொம்ப மரியாதையாக.

அவள் பையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். “நான்தாங்க…”

“என் வீட்டுக்காரியைப் பார்க்க வந்தீங்களா? அவ இன்னும் வரலையே. உள்ள வாங்க. நர்ஸம்மாவும் போயிட்டா. எனக்கும் தனியா இருக்க ஒரு மாதிரியா இருக்கு.”

உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் தள்ளி, விருந்தாளி முன்னால் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். பைக்குள் போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும். எடுத்தால் என்ன சொல்வது? அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள். அழுகையை மட்டும் அப்படி விட முடியவில்லை. பொங்கிக்கொண்டு வந்தது.

அவர் பதறிப்போனார்.

“அட, எதுக்குங்க அழறீங்க? அவ வந்துடுவா. எவ்வளவு நேரமானாலும் என்னை விட்டுட்டு இருக்க மாட்டா.”

அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.